காயிலக்கா நடித்த படம்

என் தையல் கடையை ஒட்டின கடை அவர்களுடையது. நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் ஃபேனைச் சோதித்துப் பார்த்தால் இந்தப் பக்கம் என் ஊசி டப்பா அதிரும். புருஷன் மெக்கானிக். ஃபேன், மிக்சி, இஸ்திரிப்பெட்டி, வாஷிங் மெஷின் என்று வீட்டில் கரண்ட் குடிக்கிற எதையும் பிரித்துப் போட்டுச் சரிசெய்வார். மனைவி மோட்டாருக்குக் காயில் கட்டுவார். எரிந்துபோன கம்பியை உருவி எறிந்துவிட்டு, தலைமுடி கனத்தில் புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி, மோட்டாரின் பள்ளங்களுக்குள் மூங்கில் குச்சியால் அழுத்தி உட்கார வைக்கிற வேலை. தெருவுக்கே அவர் காயிலக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிடுவார்.

அக்காவின் கெட்டிக்காரத்தனமெல்லாம் வலது கையில் இருந்தது. கம்பியின் மேல்பூச்சில் ஒரு கீறல் இருந்தால் போதும், ஒரே வாரத்தில் மோட்டார் புகைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறலை விரல் நுனியால் கண்டுபிடித்துவிடுவார். சுற்றுகளை எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் புருவத்தை மட்டும் தூக்குவார். வாய் திறக்க மாட்டார். அவருக்கு நேர்மாறு மெக்கானிக். ஸ்க்ரூவோடுகூடப் பேசுவார். "என்னடா, வர மாட்டியா? உங்கப்பன் வருவான்டா" என்று அவர் திருகுவது சுவர் தாண்டிக் கேட்கும். பிள்ளைகள் இல்லை. இருவரும் ஒருவருக்கொருவர் பிள்ளையாக இருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் வேனில் நாலு பேர் வந்து இறங்கினார்கள். சினிமாக்காரர்கள். ஒல்லியாக, பேசும்போது கைகளைப் பிசைந்துகொண்டே இருந்தவர்தான் டைரக்டர். அவருக்கு அது முதல் படம். பழைய சாமான்கள் வேண்டும், அவை தானாக நகர வேண்டும், அதற்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்.

"அண்ணே, மனுசன் மெஷினை அடிமை மாதிரி வச்சு வேலை வாங்குறான். அதுக்கு ஒரு நாள் கோவம் வந்தா என்னாகும்? அதான் கதை."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "வரும் சார். கண்டிப்பா வரும். தினமும் பாக்குறவன் சொல்றேன்."

டைரக்டர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மெக்கானிக்கும் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பார்க்கிறவன் ஈரக்குலை நடுங்க வேண்டும் என்றுதான் இருவரும் நம்பினார்கள். கதைப்படி, இடி விழுந்து ஊர் டிரான்ஸ்ஃபார்மர் வெடிக்கிறது. அன்றைக்கே ஒரு வீட்டிலுள்ள சாமான்களுக்கெல்லாம் உயிர் வந்து, வீட்டாரை ஒவ்வொருவராகக் கொல்கின்றன. பழைய ஃப்ரிட்ஜின் குடலை எடுத்துவிட்டு அதற்குள் மெக்கானிக்கே உட்கார்ந்துகொண்டு, கதவைத் திறந்து சிவப்புத் துணி நாக்கை நீட்டினார். இஸ்திரிப்பெட்டியை மீன் பிடிக்கிற நூலில் கட்டி இழுத்தார். சாயங்காலம் வந்து எங்களிடம் நடித்துக் காட்டுவார். அக்கா எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சிரித்ததை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பகலிலேயே இரவு மாதிரி காட்ட ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை வேண்டும் என்றார்கள். அதைத் தைத்துக் கொடுத்தவன் நான். திரையை மாட்டத்தான் அன்றைக்கு, படம் எடுக்க அவர்கள் பிடித்திருந்த வாடகை வீட்டுக்குப் போயிருந்தேன். போகாமல் இருந்திருக்கலாம்.

அன்று மேஜை ஃபேன் காட்சி. கட்டிலுக்குப் பின்னால் கதாநாயகி ஒளிந்திருக்கிறாள். கை மட்டும் கட்டில் விளிம்புக்கு மேலே தெரிகிறது. ஃபேன் சுற்றிக்கொண்டே தரையிலிருந்து மெத்தை மேல் ஏறி, அந்தக் கையை நோக்கி ஊர்ந்து வருகிறது. முதலில் ரப்பர் றெக்கை மாட்டிப் பார்த்தார்கள். அது சுற்றும்போது நனைந்த துணி மாதிரி மடங்கியது. பழைய காலத்து இரும்பு றெக்கையை மாட்டலாம், ஒரு சாண் தள்ளி நிறுத்திவிடுகிறேன் என்று சொன்னவர் மெக்கானிக். முன்வலையைக் கழற்றி, ஃபேனைச் சக்கரப் பலகையில் ஏற்றி, போர்வைக்கு அடியில் ஒரு செங்கல்லைத் தடுப்பாக வைத்தார். பலகை செங்கல்லில் இடித்து நின்றுவிடும். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

கதாநாயகிப் பெண் மாட்டவே மாட்டேன் என்று அழுதாள். அவள் மேல் தப்பில்லை. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றபோது மெக்கானிக் சொன்னார்: "என் சம்சாரம் வைப்பா சார். கரண்டோட குடும்பம் நடத்துறவ அவ."

ஆள் விட்டு அக்காவை வரவழைத்தார்கள். புருஷன் போட்ட கணக்கு என்பதால் அக்கா கேள்வியே கேட்கவில்லை. கதாநாயகியின் வளையலைப் போட்டுக்கொண்டு கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்து கையை மேலே வைத்தார். அங்கிருந்து அவருக்கு ஃபேன் தெரியாது. கட்டிலின் மறுகோடியில் தரையில் குப்புறப் படுத்து, கட்டிலுக்கு அடியில் சுற்றி வந்த கயிற்றைப் பிடித்திருந்த மெக்கானிக்குக் கை தெரியாது.

ஒரு தடவை எடுத்தார்கள். இன்னொரு தடவை எடுத்தார்கள். இரண்டு முறையும் ஃபேன் ஒரு சாண் தள்ளி நின்றது. விரல்களில் நிழல் விழுகிறது என்று சொல்லி, லைட்காரர்கள் மூன்றாவது தடவைக்குச் சக்கரப் பலகையையும் போர்வையையும் கொஞ்சம் கையின் பக்கமாக நகர்த்தினார்கள். போர்வையோடு செங்கல்லும் நகர்ந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. திரையைப் பிடித்துக்கொண்டு நாலடி தூரத்தில் நின்ற நானும் பார்க்கவில்லை.

"இழு!" என்றார் டைரக்டர். மெக்கானிக் இழுத்தார்.

அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. அக்கா நன்றாக நடிக்கிறார் என்று எல்லோரும் ஒரு நொடி நினைத்தோம். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. "சூப்பர், சூப்பர்" என்று டைரக்டர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் மெத்தையைப் பார்த்தார்.

ஆட்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. மோதிர விரலில் பாதி. டைரக்டர்தான் தன் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார், வழியெல்லாம் அழுதார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவர் என்று ஒருவர் இருந்திருந்தால் மெக்கானிக் தப்பித்திருப்பார். குற்றத்தைச் சாத்த ஆள் கிடைக்காமல் எல்லாவற்றையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார். "நானே கூப்ட்டேன், நானே இழுத்தேன்" என்பதைத் தவிர ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் வேறெதுவும் பேசவில்லை.

எட்டு மாதம் கழித்துப் படம் வெளியானது. அந்தக் காட்சியைப் படத்திலிருந்து நீக்கிவிட்டதாகத்தான் நாங்கள் நினைத்திருந்தோம். அக்காதான் போகலாம் என்றார். "ஃப்ரிட்ஜுக்குள்ள நீங்க உக்காந்ததப் பாக்க வேணாமா?" என்று புருஷனைக் கிளப்பிவிட்டார். மதியக் காட்சிக்கு மூன்று பேரும் போனோம்.

முதல் பத்து நிமிடத்திலேயே கொட்டகை சிரிக்க ஆரம்பித்துவிட்டது. ஃப்ரிட்ஜ் நாக்கை நீட்டியதும் பின்னாலிருந்து ஒருவன், "டேய், பசிக்குதாம்டா, யாராவது உள்ள போங்கடா!" என்று கத்தினான். இஸ்திரிப்பெட்டியின் நூல் பளபளவென்று தெரிந்தது. மெக்கானிக் குனிந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன். மறைப்பானேன்? சிரிப்பு வந்தது.

அப்புறம் ஃபேன் வந்தது. திரையில் கதாநாயகி முகம், வளையல் போட்ட கை, திரும்ப முகம், திரும்ப கை. வாய் அவளுடையது, அலறல் அக்காவுடையது. வெட்டியும் ஒட்டியும் காட்டியதில் அது நிஜம்போலவே இல்லை. கொட்டகை வெடித்துச் சிரித்தது. என் வாயிலும் பாதிச் சிரிப்பு வந்துவிட்டது; வந்த பிறகுதான் எதைப் பார்க்கிறேன் என்று உறைத்தது.

"பெயிண்ட்டுடா! வாளியோட ஊத்திட்டான்!" என்று ஒரு குரல்.

மெக்கானிக் எழுந்து நின்றார். "பெயிண்ட் இல்லய்யா! என் சம்சாரத்தோட ரத்தம்யா அது! நிஜம்யா!"

ஒரு கணம் கொட்டகை அடங்கியது. பிறகு முன்னைவிட இரண்டு மடங்காகச் சிரித்தது. படக் கம்பெனியே ஆளை உட்கார வைத்திருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். விசில் பறந்தது. "இன்னொரு தடவ சொல்லு தலைவா!" என்றார்கள். அவர் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா இடது கையால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "உக்காருங்க. மறைக்குதுங்கிறாங்க" என்றார்.

மறுநாள் மெக்கானிக் டைரக்டரைத் தேடிப் போனார். கூட நானும் போனேன். "அத மட்டும் எடுத்துடுங்க சார்" என்றார். டைரக்டர் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். "அண்ணே, படத்துல ஜனங்க ஞாபகம் வச்சிருக்கறதே அது ஒண்ணுதாண்ணே" என்றார். நாலு நாளில் படம் பெட்டிக்குத் திரும்பியது. டைரக்டர் ஊரைவிட்டே போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அக்கா இடது கையால் காயில் கட்டிப் பார்த்தார். ஆறு நாள் உட்கார்ந்து ஒரு மோட்டார் கட்டினார். அது ஒரே வாரத்தில் புகைந்து திரும்பி வந்தது. யாரையும் தொடவிடாமல் அவரே பிரித்து, கீறல் எங்கே என்று தேடி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அழவில்லை. கம்பிச் சுருளைச் சாக்கில் போட்டுக் கட்டி மூலையில் வைத்துவிட்டார். மெக்கானிக்கால் ஃபேன் பக்கமே போக முடியவில்லை. வீட்டில்கூடச் சுவிட்சைப் போட விட மாட்டார். வெயில் காலத்தில் அக்கா அட்டையால் விசிறிக்கொண்டிருப்பார்; இவர் அதையும் பார்க்க முடியாமல் வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். கடையை மூடினார்கள். அவர் ஒரு மர டிப்போவில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். அக்கா என் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் துணி வாங்கி வைப்பது, தைத்ததை எடுத்துக் கொடுப்பது என்று இருந்தார். வலது கை எப்போதும் ஏதாவது ஒரு துணிக்கு அடியில் இருக்கும்.

பன்னிரண்டு வருடம் போய்விட்டது. போன மாதம் ரவிக்கை வாங்க வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, போனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதப் பாருங்களேன். பழைய படம். ஃபேன் வந்து கைய வெட்டுது. எங்க காலேஜே இதத்தான் பாக்குது!"

துண்டுக் காட்சி. யாரோ அதற்கு ஒரு பாட்டைச் சேர்த்திருந்தார்கள்; அலறல் தாளத்துக்கு ஏற்றபடி மூன்று முறை வந்தது. நான் கத்தரியைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். அக்கா குனிந்து கடைசிவரை பார்த்தார்.

"செம காமெடி இல்லக்கா?"

"ஆமாம்மா" என்றார் அக்கா. சிரித்துக் காட்டினார். ரவிக்கையை இடது கையால் மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தார்.

அவள் போய் வெகுநேரம் கழித்துக் கேட்டார்: "தம்பி, அது என் குரல் மாதிரியே இல்லல்ல?"

"இல்லக்கா" என்றேன்.

"அவருகிட்ட சொல்லிடாதீங்க. தாங்க மாட்டாரு."

நாலைந்து நாள் கழித்து, அக்கா சாப்பிட வீட்டுக்குப் போயிருந்த நேரம், மெக்கானிக் வாட்ச்மேன் உடுப்போடு கடைக்குள் வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"டிப்போவுல லோடு ஏத்துற பசங்க போன்ல காட்டுனானுங்க தம்பி. எல்லாரும் சிரிச்சாங்க."

நான் மெஷின் மிதிப்பதை நிறுத்தினேன்.

"நானும் சிரிச்சேன்" என்றார். "சிரிக்கலேன்னா ஏன்னு கேப்பாங்கல்ல. அன்னிக்கு மாதிரி எந்திரிச்சு நின்னு சொல்லத் தெம்பு இல்ல. சிரிச்சுட்டேன். என் கையாலயே இழுத்துட்டு, நானே…" தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். "அவளுக்குத் தெரிய வேணாம். சொல்லிடாதீங்க."

அன்று சாயங்காலம் வழக்கம்போல அக்காவை அழைத்துப் போக வந்தார். "கிளம்பலாமா?" என்றார். "இருங்க, இந்த ஒரு பொட்டலத்தக் கட்டிட்டு வரேன்" என்றார் அக்கா. முடிச்சு போட ஒரு கை போதாமல் அவர் பல்லால் நூலைக் கடிக்க, மெக்கானிக் குனிந்து முடிச்சு போட்டுக் கொடுத்தார். வெயிலைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டே இருவரும் தெருவில் இறங்கிப் போனார்கள்.

நான் இன்றுவரை இரண்டு பேரிடமும் சொல்லவில்லை.