செல்லோவ செல்லு ஆக்கினேன்

போன வருஷம் மே மாசம். காலேஜ் முடிச்சி, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு ஃப்ளெக்ஸ் கடையில டிசைன் வேலைக்குச் சேந்து மூணு வாரம்தான் ஆவுது. ஆனா என் அலப்பறையப் பாத்தா முப்பது வருஷ சர்வீஸ் மாதிரி இருக்கும். கஸ்டமர் அனுப்புற மேட்டர்ல பிழை இருந்தா நானே திருத்திடுவேன். பிரிண்டுக்கு முன்னாடி கஸ்டமருக்குக் காட்டுற ப்ரூஃபெல்லாம் அனுப்ப மாட்டேன். அனுப்புனா பத்து தடவ மாத்தச் சொல்லுவாங்க, யாரு ஒக்காந்துகினு கெடக்குறது?

அப்பதான் ஒரு மேடம் கிட்டருந்து வாட்ஸப்புல மேட்டர் வந்துச்சி. "தனி செல்லோ. பழசும் புதுசும் ஒரே மேடையில். அனுமதி இலவசம்." கீழ மண்டபம் பேரு, ஞாயித்துக்கெழம மூணு மணி. அவ்ளோதான்.

செல்லோவா? பாவம், செல்லுன்னு கூட ஒழுங்கா அடிக்கத் தெரிலன்னு சிரிச்சிகினேன். பழசும் புதுசும்னா எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்தான், வேற இன்னா? "மாபெரும் செல் மேளா! பழசு குடுத்தா புதுசு!"ன்னு கொட்ட எழுத்துல போட்டு, ரெண்டு பக்கமும் பளபளன்னு போன் படம் ஒட்டி பிரிண்ட் குடுத்துட்டேன். கடைக்கார அண்ணன் வேற "சூப்பரா கீதும்மா"ன்னாரு. சனிக்கெழம சாய்ந்தரமே பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு, கச்சிராயபாளையம் ரோட்டுல ஒண்ணு தொங்குது.

மறுநாள் மூணு மணிக்கு மேடம் போன் பண்ணாங்க. "பேனர் டிசைன் பண்ணது நீங்களா? கொஞ்சம் மண்டபத்துக்கு வர்றீங்களா?" பாராட்டப் போறாங்கன்னு தலைய வாரிக்கினு போனேன் பாருங்க, அதான் ஹைலைட்டு.

மண்டபம் ஃபுல்லு. ஆளாளுக்குக் கையில ஒரு பை, உள்ள டிஸ்ப்ளே செத்தது, பட்டன் தேஞ்சதுன்னு பழைய போனு. மேடையில ஒரே ஒரு சேரு, பக்கத்துல ஆள் ஒசரத்துக்கு ஒரு கருப்புப் பொட்டி. "செல்லு பூரா அதுலதான் கீது, தொறக்க மாட்டறாங்க"ன்னு முன்னாடி ஒருத்தர் எல்லாருக்கும் வெளக்கிக்கினு இருந்தாரு.

மேடம் பொட்டியத் தொறந்தாங்க. வயலினுக்கு அண்ணன் மாதிரி பெருசா ஒண்ணு வெளிய வந்துச்சி. அதான் செல்லோ.

மேடம் திட்டவே இல்ல. திட்டியிருந்தா கூட தேவலாம். "நான் பொறந்த ஊரு இது. எங்கெங்கயோ வாசிச்சிட்டேன், இங்க இன்னிக்குதான் மொத தடவ. இவங்க எழுந்து போயிட்டா மறுபடி இங்க வர எனக்கு தைரியம் இருக்குமான்னு தெரியல"ன்னு மெதுவா சொல்லிட்டு, மைக்க என் கையில குடுத்துட்டாங்க.

"தப்பு என்னுதுங்க. செல்லோன்றது ஒரு வாத்தியம். நாந்தான் தெரியாம செல்லுன்னு போட்டுட்டேன்"னேன்.

"படிச்ச புள்ளதான நீ? வந்தத வந்தாப்ல அடிக்கத் தெரியாது?"ன்னு கூட்டத்துலருந்து ஒரு கொரலு.

"வெயில்ல வந்தவன்லாம் கேனயா?"ன்னு இன்னொண்ணு.

சேர் இழுபடுற சத்தம். பாதி மண்டபம் எழுந்து வாசலுக்குப் போயிடிச்சி. அப்ப ஓரத்துல ஒக்காந்திருந்த ஒரு அக்கா, கல்வராயன் மலையிலருந்து ஒடஞ்ச போனோட வந்தவங்க, முந்தானையால மூஞ்சத் தொடச்சிகினே சொன்னாங்க: "வெள்ளிமலை பஸ்ஸு அஞ்சரைக்குத்தான். இங்க ஃபேன் கீது. நீ வாசிம்மா, கேக்குறோம்."

மேடம் கண்ண மூடிகினு ஒரு ராகத்த ஆரம்பிச்சாங்க. ஆம்பள கொரலு மாதிரி அடியிலருந்து ஒரு சத்தம், சேர்ல ஒக்காந்திருந்தவங்க முதுகுல வந்து தட்டுது. வாசல்ல செருப்பு தேடிகினு இருந்தவங்க தேடுறத வுட்டுட்டாங்க. அது முடிஞ்சதும், தாளத்துக்கு அந்த மரத்து மேலயே கையால தட்டிக்கினு, இந்தக் காலத்து ம்யூசிக் ஒண்ணு வாசிச்சாங்க. விசிலு!

அந்த மலை அக்கா வுடல. "பழசு குடுத்தா புதுசுன்னு போட்டுகீதே, அது இன்னா ஆச்சி?" எல்லாரும் கெக்கெக்கன்னு சிரிச்சாங்க. எனக்கு ஓடிப் போயிடலாம் போல இருந்துச்சி. மேடமும் சிரிச்சிட்டு, "சரிங்க, பேனர்ல போட்டது போட்டதுதான். உங்க பாட்டு ஒண்ணு பழசு குடுங்க, நான் புதுசாக்கித் தரேன்"னாங்க.

அக்கா மொதல்ல வெக்கப்பட்டாங்க. அப்புறம் களையெடுக்கும்போது பாடுறது ஒண்ண பாடினாங்க. மேடம் அத ஒரு தடவ அப்படியே வாசிச்சாங்க. அடுத்த தடவ வேகமாக்கி, வளச்சி, எங்கயோ கொண்டு போயி கரெக்டா அக்கா வுட்ட எடத்துல வந்து நிறுத்துனாங்க. "அய்யோ, எம்பாட்டுதான் இது!"ன்னு அக்கா கத்துனது இன்னும் காதுல கீது. அதுக்கப்புறம் க்யூதான். தாலாட்டு, சாமி பாட்டு, ஒரு தாத்தா டீக்கடையில முணுமுணுக்குறதுன்னு ஆளாளுக்கு எக்ஸ்சேஞ்ச் பண்ணிகினாங்க.

அஞ்சேகாலுக்கு அக்கா கெளம்புனாங்க. "அடுத்த தடவ எப்ப வருவ?"ன்னு மேடத்தக் கேட்டாங்க. "தீபாவளிக்கு முன்னாடி"ன்னு மேடம் யோசிக்காம சொன்னாங்க. அக்கா என்னாண்ட திரும்பி, "அப்ப ஒழுங்கா போடு. எங்க பஸ்ஸு டைமுக்கு ஏத்தாப்ல போடு"ன்னுட்டு, அந்த ஒடஞ்ச போனோடவே போனாங்க.

தீபாவளி பேனரும் நாந்தான் பண்ணேன். செல்லோன்னே போட்டேன், ப்ரூஃப ரெண்டு தடவ அனுப்பினேன். எனக்குத் தெரியாத வார்த்தை ஒண்ணு கண்ணுல பட்டா, இது தப்புன்னு திருத்த இப்பல்லாம் கை போறதில்ல, நான் இன்னும் காதால கேக்காத சத்தம் எதோ ஒண்ணு இதுக்குள்ள கீதுன்னுதான் தோணுது.