செவலை கூரையேறிய விசாரணை

பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தவள் சிவசக்தி. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுச் செல்லும் குழந்தைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவதும், பால்மா கரைத்துக் கொடுப்பதும் அவள் பொறுப்பு. எல்லாக் குழந்தைகளும் ஒன்றாகத் தூங்கிவிடும் அபூர்வமான மதியங்களில் கதை எழுதுவாள். யாருக்கும் காட்டியதில்லை. 2002இல் பதுளையில் ஓர் இலக்கிய வட்டம் ஊவா மாகாண எழுத்தாளர்களுக்கு மட்டும் என்று சிறுகதை, கட்டுரை, கவிதை ஆகிய பிரிவுகளில் போட்டி அறிவித்தபோது, என்ன துணிச்சலோ, ஒரு கதையை அனுப்பிவிட்டாள்.

கதை ஒரு செவலைப் பசுவைப் பற்றியது. மலைச்சரிவில் தொழிலாளர்களுக்கு வரிசை வீடுகளாகக் கட்டிய லயத்தின் பின்கூரை மண்மேட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மேட்டில் மேய்ந்த செவலை அப்படியே தகரத்தில் கால்வைத்து ஏறி, உச்சியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. தொழிற்சங்கத் தலைவர் கெஞ்சுகிறார், தோட்டத்தை நிர்வகிக்கும் துரை அதட்டுகிறார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் தனக்கும் அரைநாள் சம்பளத்துக்குப் பேர் போடுவார்கள் என்று உறுதியான பிறகே செவலை இறங்குகிறது.

இலக்கிய வட்டத்தின் செயலாளர் ஜெயரட்ணம், ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணத்துக்காரர். அவளைப் பதுளைக்கு வரச்சொன்னார்.

“கதை திறம் பிள்ளை. ஆனா ஒரு சிக்கல். இது நடந்த சம்பவமோ?”

“இல்லைங்க சேர். நானா யோசிச்சு எழுதுனது.”

“போன வருசமும் ஒராள் அப்பிடித்தான் சொன்னவர். பரிசு குடுக்கேக்க பாத்தா, கதையில வாற குடிகாரன் அவற்ர சொந்த மச்சான். மச்சான் மண்டபத்துக்கே வந்து கதிரையெல்லாம் உடைச்சுப்போட்டார். இப்ப நாங்கள் விதியை மாத்திப்போட்டம். இப்பிடியொண்டு நடக்கேல்லை எண்டு உங்கட கிராம சேவகரிட்ட ஒரு அத்தாட்சி எடுத்துக்கொண்டு வாங்கோ.”

கிராம சேவகர் சிங்களவர், நிதானமாகத் தமிழ் பேசுபவர். கதைச் சுருக்கத்தைக் கேட்டுவிட்டு, தங்கையை அழைக்கும் சிங்களச் சொல்லால் அவளை அழைத்தார்.

“நடந்ததுக்குக் கடுதாசி தரலாம் நங்கி. நடக்காததுக்கு எப்படித் தர்றது? நான் வந்து விசாரிக்க வேணும்.”

ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்றலில் மேசை போட்டு விசாரணை நடந்தது. சிவசக்திக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தாள்.

“இங்கே மாடு ஒன்று கூரையில் ஏறியதா?” என்று கேட்டார் கிராம சேவகர்.

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. லயத்தில் அவளுக்குப் பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த அறையில், குடியிருக்கும் முருகையா எழுந்து வேட்டியைச் சரிசெய்தார்.

“ஏறுச்சுங்க. நம்ம மாடுதான்.”

முருகையா வாழ்நாளில் மாடு வளர்த்ததில்லை.

“அண்ணே!” என்று கத்தினாள் சிவசக்தி. “என்ன பேசுறீங்க? அது நான் எழுதுன கதை!”

“நீ சும்மா இரு புள்ள. ஒனக்கென்ன தெரியும்? நீ அப்ப பிள்ளைக்காம்பராவுல இருந்த.”

அதன்பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. தகரம் கிறீச்சிட்டதைத் தன் காதால் கேட்டதாக அங்கம்மா சொன்னாள். கூரை இடுக்கால் சாணி வந்து தன் சோற்றுப்பானையில் விழுந்தது என்றாள் பெரியாயி. எந்தப் பானை என்றும் கொண்டுவந்து காட்டினாள். செவலைக்கும் தனக்கும் நடந்த பேச்சுவார்த்தையைத் தோட்டத்தின் நிஜத் தொழிற்சங்கத் தலைவரே விவரித்தார். கதையில் இருந்ததைவிட அவர் பேச்சு நன்றாக இருந்ததைச் சிவசக்தி ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

கூட்டம் கலைந்ததும் முருகையாவைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?”

“பின்ன? ஒரு ஆபீசர் இவ்வளவு தூரம் ஏறி வந்து கேக்குறாரு. நம்ம தோட்டத்துல ஒண்ணுமே நடக்கலைன்னு எழுதிக் குடுக்கச் சொல்றியா?”



சம்பவம் நடந்தது உண்மை என்று முத்திரை குத்திய கடிதத்தை ஜெயரட்ணம் இரண்டு தரம் படித்தார். “உண்மையைக் கற்பனை எண்டு அனுப்பியிருக்கிறியள். சிறுகதைக்கு எடுக்கேலாது,” என்றார். மனமில்லாமல் கட்டுரைப் பிரிவுக்கு மாற்றினார். அந்தப் பிரிவுக்கு வேறு யாரும் எழுதியிருக்கவில்லை. முதற்பரிசு அவளுக்கு.

விழாவுக்கு முருகையாவும் வந்தார். மாட்டின் சொந்தக்காரர் என்று தெரிந்ததும் முன்வரிசையில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். சிவசக்திக்கு ஒரு தெர்மோஸ் போத்தல் கிடைத்தது. ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தபோது சொன்னாள்:

“இது எல்லாமே பொய்ங்க. நான்தான் எழுதுனேன்.”

என்ன தன்னடக்கம் என்று மண்டபம் கைதட்டியது. பிரதம விருந்தினர் அவள் பக்கம் குனிந்து, மாடு இப்போது சுகமா என்று விசாரித்தார். சுகம் என்று சொல்லிவிட்டாள். சொன்னபிறகுதான், தானும் சாட்சியாகிவிட்டது அவளுக்கு உறைத்தது.

பத்திரிகையில் படம் வந்ததும் செவலையைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பண்டாரவளையிலிருந்து ஒரு குடும்பம் சாப்பாடு கட்டிக்கொண்டே வந்தது. முருகையா இரண்டு வாரம் சமாளித்துப் பார்த்துவிட்டு, ஒரு செவலைக் கன்றை வாங்கினார். அது கூரைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு மாலை அவர் கன்றை மேட்டில் நிறுத்திக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்த சிவசக்தி இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பாத்துக்கிட்டு நிக்கிறியே, பின்னால தள்ளு புள்ள!”

“நான் எதுக்குத் தள்ளணும்?”

“யாரு எழுதுனது?”

பையைக் கீழே வைத்துவிட்டு, அவள் தன் பலமெல்லாம் கூட்டித் தள்ளினாள். கன்று முன்னங்கால்களை மண்ணில் ஊன்றிக்கொண்டு, அவள் புடவைமேலேயே மூத்திரம் பெய்தது. முருகையா சிரித்ததில் கயிற்றை விட்டுவிட்டார். அவளும் சிரித்துவிட்டாள். போட்டிக்குக் கதை அனுப்பிய நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்ததில்லை.

அடுத்த வருடம் அதே போட்டிக்கு, யாரும் அத்தாட்சி கேட்கமாட்டார்கள் என்று நம்பி, அவள் கவிதை அனுப்பினாள்.