பெட்டியிலிருந்து எடுத்த வெள்ளை அங்கி

என் மகன் அமலன் மஞ்சளாகிப்போன அந்த வாரம் எனக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை. புரிந்தவரை சொல்கிறேன், பங்கு மக்களே.

சென்ற ஆண்டு மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முந்தைய ஞாயிறு, பெசன்ட் நகரில் அவனுக்குத் திருமுழுக்கு. அப்பாவும் நானும் எங்கள் திருமுழுக்கில் உடுத்திய அதே வெள்ளை அங்கியை மயிலாப்பூர் வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்தினோம். பிறகும் தினமும் அதையே அவனுக்குப் போர்த்தினேன், ஆசீர்வாதம் என்று.

புதன்கிழமை பால் குடிக்க மறுத்தான். என் மனைவி ஸ்டெல்லா அவன் நனைத்த துணியைக் காட்டினாள்.

"இன்னாங்க இது, டிகாக்‌ஷன் கொட்டின மாதிரி கீது?"

அடையாறில் ஒரு மருத்துவமனைக்கு ஓடினோம். இரத்தம் வேகமாகக் குறைகிறது, உயிருக்கு ஆபத்து என்றார்கள். காரணம் தெரியவில்லை. நான் அங்கியை இன்னும் இறுக்கிப் போர்த்தினேன். "மாதாவே, இதைக் கொண்டு என் பிள்ளையைக் காப்பாற்றும்" என்று மன்றாடினேன்.

"புழுங்குதுங்க அவனுக்கு, எடுத்துடுங்க" என்றாள் ஸ்டெல்லா. நான் கேட்கவில்லை.

பரிசோதிக்கக் குனிந்த டாக்டரம்மா மூக்கைச் சுளித்தார். "என்ன சார், பீரோவையே தூக்கிட்டு வந்துட்டீங்களா? பாச்சை உருண்டை வாசனை!" சட்டென்று அவர் சிரிப்பு நின்றது. "முதல்ல இதைக் கழற்றுங்க."

பிறகுதான் விளக்கினார். ஜி6பிடி என்றொரு மரபணு. எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது; அதை மகன் தாயிடமிருந்துதான் பெறுகிறான். அது உண்டாக்கும் நொதி செல்லின் உட்கருவில் இருப்பதில்லை. செல்லை நிரப்பும் சைட்டோபிளாசத்தில் இருந்துகொண்டு சிவப்பணுக்களைச் சிதையாமல் காக்கிறது. அமலனுக்கு அந்த நொதி குறைவு. அப்படிப்பட்ட குழந்தைக்கு, துணியைப் பூச்சி அரிக்காமல் பெட்டியில் போட்டுவைக்கும் பாச்சை உருண்டையின் வாடை பட்டாலே சிவப்பணுக்கள் உடையலாம்.

"எங்கிட்டேர்ந்தா வந்துது?" என்று ஸ்டெல்லா அழுதாள். "உங்க தப்பில்லம்மா" என்றார் டாக்டரம்மா.

இரத்தம் ஏற்றினார்கள். கோயிலில் கொடி ஏறிய அன்று மாலை, அமலன் மறுபடி பால் குடித்தான்.

அங்கியைக் கொண்டு காப்பாற்றச் சொன்னேன். அதைக் கழற்றச் சொல்லிக் காப்பாற்றினார் ஆண்டவர். என் மன்றாட்டைக் கேட்டாரா, அதையும் மீறித் தந்தாரா? ஆயிரம் புத்தகம் படித்தும் தெரியவில்லை. தெரியாமலே நன்றி சொல்கிறேன். இப்போதெல்லாம் வெறுங்கையோடுதான் மண்டியிடுகிறேன்.

நீங்களும் கேளுங்கள். பதில் எந்த வழியாக வரவேண்டும் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள். இந்த ஆண்டு கொடியேற்றத்தன்று அமலன் சட்டைகூடப் போடாமல் கடற்கரை மணலில் தத்தித் தத்தி நடந்தான். நான் எதையும் போர்த்தவில்லை.