கிட்டங்கியின் தண்ணீர்க் கதவு

வீரலட்சுமி கல்யாணமாகிக் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்தது எழுபத்தாறாம் வருஷம். சொந்த ஊர் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே ஒரு கரிசல்காட்டுக் கிராமம். கிணற்றையும் கண்மாயையும் தவிர வேறு தண்ணீரை அவள் பார்த்ததில்லை. புருஷன் சங்கரலிங்கம் பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் அடைத்துவைக்கிற ஒரு கிட்டங்கியில் காவல்காரர். "தங்க வீடு உண்டு" என்று சொல்லித்தான் பெண் கேட்டு வந்தார்கள். வீடு இருந்தது உண்மைதான். அது கிட்டங்கிக்கு உள்ளே இருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேனேஜர் வெங்கிடேஸ்வரன் பெரிய கதவை வெளியிலிருந்து பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவார். மறுநாள் எட்டு மணிக்குத்தான் திறப்பார். சனிக்கிழமை பூட்டினால் திங்கள்கிழமைதான். காவல்காரரையும் சரக்கையும் ஒரே பூட்டுக்குள் வைத்தால் இரண்டும் பத்திரம் என்பது முதலாளியின் எண்ணம். சங்கரலிங்கத்துக்கு அது பழகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்பே எட்டு வருஷம் அப்படி இருந்தவர்.

பகலில் கதவு திறந்திருக்கும். ஆனால் வெளியே போகிற பெண்கள் எல்லாரையும் வாசலில் சோதனை போடுவார்கள். சுக்குப் பொறுக்குகிற பேச்சிக்குத்தான் அந்த வேலை. முந்தானையை உதறச் சொல்வாள், இடுப்பைத் தடவுவாள், கொண்டையை அவிழ்த்துப் பார்ப்பாள். மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் சுற்றி நின்று சிரிப்பார்கள். வீரலட்சுமி முதல் மாதம் நாலு தடவை வெளியே போனாள். நாலாவது தடவை, கொண்டையிலிருந்து ஒரே ஒரு மிளகு உதிர்ந்தது. கிட்டங்கியில் படுத்து எழுகிறவள் தலையில் மிளகு இல்லாமல் வேறென்ன இருக்கும்? மேனேஜர் அதைக் குனிந்து எடுத்து எல்லாருக்கும் காட்டினார்.

"மனசுல வச்சுக்கிடாத தாயி, எனக்கும் வயிறு இருக்குல்லா" என்றாள் பேச்சி மெதுவாக.

அதற்குப் பிறகு வீரலட்சுமி வெளியே போகவில்லை. அரிசியும் காய்கறியும் சங்கரலிங்கமே வாங்கி வந்தார். ஒரு வருஷம் அல்ல, மூன்று வருஷம் அப்படிப் போனது. பிள்ளையும் இல்லை. சுக்குத் தூசியில் இருமிக்கொண்டு, ஓட்டுக் கண்ணாடி வழியாக விழுகிற வெயில் சாக்கு மூட்டைகள் மேல் நகர்வதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். சில நாள் வாய்விட்டுப் பேச மறந்துபோய், சங்கரலிங்கம் ஏதாவது கேட்டால் குரல் கம்மலாக வரும்.

கிட்டங்கியின் பின்பக்கம் காயல். வள்ளங்களில் வருகிற மூட்டைகளை இறக்குவதற்கு அங்கே நாலு கல்படியும் ஒரு மரக்கதவும் உண்டு. அதன் சாவி சங்கரலிங்கத்திடம் இருந்தது. படியை ஒட்டி ஒரு சின்ன வள்ளம் கட்டிக் கிடக்கும். பெரிய வள்ளத்துக்குக் கயிறு கொண்டு போக வைத்திருந்தது. ஒருவர், மிஞ்சினால் இருவர் உட்காரலாம்.

எழுபத்தொன்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கரலிங்கம் இரவெல்லாம் விழித்த அசதியில் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவள் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். படியில் உட்கார்ந்து காலை நனைக்கத்தான் போனாள். பிறகு வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தாள். பிறகு கயிற்றை அவிழ்த்தாள்.

அன்றைக்குத் தட்டாமாலை சுற்றியதுதான் மிச்சம். இடது பக்கம் துழாவினால் வலது பக்கம் திரும்புகிறது என்பதைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. நனைந்த சேலையோடு திரும்பியபோது சங்கரலிங்கம் படியில் நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"மேனேஜருக்குத் தெரிஞ்சா?"

"இன்னைக்கு அவர் வர மாட்டார்லா."

அவர் தலையைச் சொறிந்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். "திரும்பி வந்துருவல்லா?" என்று மட்டும் கேட்டார்.

மழை இல்லாத ஞாயிறுகளில் அவள் போனாள். கடல் ஏறும்போது தண்ணீர் தெற்கே தள்ளும், வற்றும்போது வடக்கே இழுக்கும் என்பது புரிந்தது. ஏற்றத்தோடு போய் வற்றத்தோடு திரும்பினால் கை நோகாது. தோப்பும்படிப் பாலத்தைத் தாண்டி இன்னும் ஒரு மணி நேரம் போனால் ஆளில்லாத ஒரு துருத்து, சின்னத் தீவு, இருந்தது. முழுக்கக் கண்டல் காடு, சேற்றில் வேரூன்றிய உப்புநீர் மரங்கள். கண்டல்துருத்து என்று மீன்காரர்கள் சொன்னார்கள். உள்ளே மீன் கிடையாது, சேறுதான் என்று அவர்கள் யாரும் போவதில்லை. காட்டுக்குள் நரம்பு மாதிரி ஓடைகள் ஓடின. கிளைகள் தலையில் இடிக்கும். குனிந்தபடி கழியை ஊன்றி ஊன்றிப் போனால் நடுவில் வெளிச்சமான ஒரு குட்டைக்கு வந்து சேரும்.

அங்கே நடக்கவும் கற்றுக்கொண்டாள். சேற்றில் காலை வைத்தால் முழங்கால் வரை போகும். வேர் கிளம்புகிற அடியில் வைத்தால் தாங்கும். ஊசி ஊசியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கிற வேர்களை மிதிக்கக் கூடாது, பாதம் கிழியும். எந்த மரத்தில் நீர்க்காகம், எதில் குருட்டுக் கொக்கு, எந்தக் கரையில் நண்டு சிவப்பாக இருக்கும் என்பதெல்லாம் அவளுக்கு இரண்டு வருஷத்தில் மனப்பாடம். பெயர் தெரியாத பறவைக்கு அவளே பெயர் வைத்தாள். ஒன்றின் பெயர் மேனேஜர். அது கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு அடுத்தவர் கூட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆனால் எந்த ஞாயிறும் நாலு மணிக்கு மேல் அவளால் அங்கே நிம்மதியாக இருக்க முடிந்ததில்லை. கதவு நினைவு வந்துவிடும்.

எண்பத்திரண்டில் ஆடி பிறந்து மழை ஓய்ந்த ஒரு ஞாயிறு, அவள் ஓடையிலிருந்து வெளியே வருகிறபோது ஓடையின் முகப்பில் ஒரு பெரிய வள்ளம் நின்றது. அதில் தொலைநோக்கியோடு ஒரு பெண். உள்ளே நுழைய வழியில்லாமல் வள்ளக்காரன் திட்டிக்கொண்டிருந்தான். சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு காட்டுக்குள்ளிருந்து ஒருத்தி வருவதைப் பார்த்து அந்தப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள்.

"சேச்சி, அகத்து போகான் பற்றுமோ?" என்று உள்ளே போக முடியுமா எனக் கேட்டாள்.

"போலாம். பெரிய வள்ளம் போகாது."

"அட, தமிழா! நானும்தான்" என்றாள் அவள்.

அவள் பெயர் கங்கா. திருப்பூணித்துறைக்காரி, எறணாகுளத்தில் ஒரு காலேஜில் விலங்கியல் ஆசிரியை. இந்தத் துருத்தைப் பறவைகளுக்கான காப்பிடம் ஆக்கலாமா என்று வன இலாகா யோசிக்கிறது, என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் கேட்டிருக்கிறது என்றாள். "ஆறு மாசமா வெளியில சுத்திண்டே இருக்கேன். உள்ள கொண்டுபோக ஒருத்தரும் இல்லை. நீங்க வரேளா?"

தன்னிடம் ஒருவர் ஒன்றை வேண்டிக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று வீரலட்சுமிக்கு நினைவில்லை.

அடுத்த ஐந்து ஞாயிறும் கங்கா தோப்பும்படிப் படகுக் கடவில் காத்திருந்து சின்ன வள்ளத்தில் ஏறிக்கொண்டாள். வீரலட்சுமி காட்டுவாள், கங்கா எழுதுவாள். "மேனேஜர்" என்ற பெயரைக் கேட்டு கங்கா சிரித்த சிரிப்பில் கொக்குகள் பறந்துபோயின.

ஆறாவது ஞாயிறு, ஓணம் கழிந்த வாரம். கூடுகளை எண்ணுவதற்காக வள்ளத்தைக் குட்டையில் விட்டுவிட்டு நடந்தே உள்ளே போனார்கள். நூற்று நாற்பது கூடு. எண்ணுகிற ருசியில் நேரம் போனது தெரியவில்லை. திரும்பி வந்தபோது குட்டை இல்லை. வள்ளம் சேற்றில் சாய்ந்து கிடந்தது. பௌர்ணமி வற்றம் அது. ஓடையில் ஒரு முழம் தண்ணீர்கூட இல்லை. மணி பத்தரை.

"நடந்தே வெளியில போயிடலாம்" என்று கங்கா ஓடைக்குள் இறங்கினாள். மூன்றாவது எட்டில் தொடை வரை போய்விட்டாள். காலை இழுக்க இழுக்க இன்னும் இறங்கியது. வீரலட்சுமி துடுப்பைச் சேற்றின் மேல் போட்டு அதன் மேல் குப்புறப் படுத்துக் கையைக் கொடுத்தாள். "உதறாதிய. சாஞ்சு படுங்க. மெள்ள, ஒத்தக் கால மட்டும்." கால் மணி நேரம் ஆனது வெளியே வர. கங்காவின் ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது.

இரண்டு பேரும் சாய்ந்த வள்ளத்துக்குள் ஏறி உட்கார்ந்தார்கள். கொசு மொய்த்தது. குடிக்க ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தது. மேலே இலைகள் அசையவில்லை.

"நான் கத்தட்டுமா?" என்றாள் கங்கா.

"யாருக்குக் கேக்கும்?"

கங்கா அழ ஆரம்பித்தாள். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வந்திருந்தாள். கொஞ்ச நேரம் அழுதுவிட்டுக் கேட்டாள்: "உங்களுக்குப் பயமா இல்லையா?"

"ஆறு வருசமா பூட்டிக் கெடக்கேன். இதுக்கா பயம்?" என்றாள் வீரலட்சுமி. அப்போதுதான் கங்காவுக்குக் கிட்டங்கியைப் பற்றி எல்லாம் சொன்னாள்.

சொன்னாளே தவிர, அவளுக்கும் பயம் இருந்தது. சேற்றைப் பற்றி அல்ல. பிந்திப் போனால் என்ன ஆகும் என்பதைப் பற்றி. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் வேறு ஒன்றும் இருந்தது என்று பிற்பாடு சொன்னாள். "இங்கயும் அடைச்சுத்தான் போட்டுருக்கு. ஆனா இத யாரும் பூட்டல. தண்ணி அது நேரத்துக்கு வரும், யார்ட்டயும் கேக்காது. அத நெனைக்க நெனைக்க எனக்கு அந்தக் கிட்டங்கி மேல ஆத்திரமா வந்துச்சு."

உச்சி வெயிலில் நாலு நீர்நாய்கள் சேற்றில் சறுக்கிக்கொண்டு வந்தன. வள்ளத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, இவர்களை ஒரு பொருட்டாகவே நினைக்காமல் போய்விட்டன. கங்கா மூச்சுவிடவில்லை. துருத்தில் நீர்நாய் உண்டு என்று அதுவரை யாரும் எழுதியதில்லை.

நாலு மணிக்கு வள்ளம் அசைந்தது. இனி ஏற்றத்துக்கு எதிராகத் துழாவ வேண்டும். கங்காவைத் தோப்பும்படியில் இறக்கிவிட்டு, உள்ளங்கைத் தோல் உரிய உரிய வீரலட்சுமி கிட்டங்கிப் படிக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டிருந்தார்கள். படியில் சங்கரலிங்கம் மட்டும் நிற்கவில்லை; மேனேஜரும் நின்றார். மறுநாள் கப்பலுக்குப் போகிற சரக்கைப் பார்க்க அன்றைக்கென்று வந்திருந்தார்.

"மிளகு எந்த வழியாப் போறதுன்னு இத்தனை நாள் தெரியாம இருந்தேனே" என்றார்.

வள்ளத்தைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். சேறும் இரண்டு கொக்கு இறகும்தான் இருந்தன. சங்கரலிங்கம் கைகட்டி நின்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "அவ எடுக்க மாட்டா சார்."

மறுநாள் தண்ணீர்க் கதவுக்கும் வெளிப்பூட்டு வந்தது. சாவி மேனேஜரிடம். சின்ன வள்ளத்தை எங்கோ கொண்டுபோய்விட்டார்கள்.

அடுத்த ஏழு மாதமும்தான் மிக மோசம். முன்பு வெளியே என்ன இருக்கிறது என்று தெரியாமல் உள்ளே இருந்தாள். இப்போது தெரிந்துவிட்டது. ஏற்றம் வரும்போது படியில் தண்ணீர் மோதுகிற சத்தம் கேட்கும். இந்நேரம் குட்டை நிறைந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். சாப்பாடு குறைந்தது.

"போயிருவோம்" என்றாள் ஒரு நாள்.

"எங்க போறது? எனக்கு என்ன தெரியும், சொல்லு. கதவுக்கு உள்ள இருக்கத் தெரியும். அவ்வளவுதான்" என்றார் சங்கரலிங்கம். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

கங்கா ஒரு தடவை வாசலுக்கு வந்து கேட்டிருக்கிறாள். அப்படி ஒருத்தி இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதைப் பார்த்த பேச்சி தெருமுனை வரை பின்னாலேயே போய் விஷயத்தைச் சொன்னாள். மறுவாரம் பேச்சி வீரலட்சுமியிடம் வந்து, "இன்னைக்கு ஒரு நட வெளிய வா" என்றாள். வாசலில் வழக்கம்போல முந்தானையை உதறினாள், இடுப்பைத் தடவினாள். எடுக்கிற கை அன்றைக்கு ஒன்றை வைத்தது. மடித்த காகிதம்.

மலையாளமே எழுதிப் பழகிய கையால் கங்கா தமிழில் எழுதியிருந்தாள். பாதி எழுத்து தப்பு. பதினெட்டாம் தேதி வன இலாகா அதிகாரி வருகிறார், துருத்தைப் பற்றி நீங்கள் வந்து சொல்ல வேண்டும், நான் சொன்னால் நீர்நாயை நம்ப மாட்டேன் என்கிறார்கள் என்று இருந்தது.

பதினெட்டாம் தேதி காலை எட்டு மணிக்குக் கதவு திறந்ததும் வீரலட்சுமி ஒரு துணிமூட்டையோடு வாசலுக்கு வந்தாள். பேச்சி ஒதுங்கி நின்றாள். மேனேஜர், "சோதனை போடு" என்றார்.

"இனி என்னைய யாரும் தொடப்படாது" என்றாள் வீரலட்சுமி. மூட்டையை அவளே அவிழ்த்துத் தரையில் விரித்தாள். இரண்டு சேலை, ஒரு பாத்திரம். கொண்டையையும் அவளே அவிழ்த்தாள். பிறகு எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு, சுமட்டுக்காரர்கள் வழிவிட, ரோட்டில் இறங்கி நடந்தாள். சங்கரலிங்கம் உள்ளேயே நின்றுவிட்டார்.

அதிகாரி அவள் சொன்னதை இரண்டு மணி நேரம் கேட்டார். கோப்பு போனது, வரவில்லை. வீரலட்சுமி தோப்பும்படியில் இறால் உரிக்கிற ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்து, ஒரு ஓலைப்புரையில் குடியிருந்தாள். விரல் நுனி எல்லாம் வெந்துபோகிற வேலை. புருஷன் இல்லாமல் ஏன் இருக்கிறாள் என்று கேட்காத ஆளில்லை. சங்கரலிங்கம் மாதம் ஒரு தடவை பகலில் வந்து, வாசலிலேயே உட்கார்ந்து, ஆறு மணிக்கு முன் போய்விடுவார். இரண்டரை வருஷம் அப்படித்தான் வந்துபோனார். எண்பத்தைந்தில் ஒரு நாள் வந்தவர் ஆறு மணிக்கு எழுந்திருக்கவில்லை; ராத்திரி அங்கேயே சாப்பிட்டுப் படுத்தார், பிறகு கிட்டங்கிக்குப் போகவே இல்லை.

எண்பத்தாறில் பாதித் துருத்தை மண் கொட்டி நிரப்பிவிட்டார்கள். மீதிப் பாதிக்கு வன இலாகா போர்டு வைத்து, தினக்கூலிக்கு இரண்டு காவலாட்களைப் போட்டது. கங்கா சொல்லி, அதில் ஒருத்தி வீரலட்சுமி. நீர்நாய்கள் அதற்குள் வேறெங்கோ போய்விட்டிருந்தன.

சங்கரலிங்கம் வள்ளத்தில் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்து, இரண்டு விளிம்பையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை அவளோடு துருத்துக்குப் போனார். "வேர் மேல கால வச்சு எறங்குங்க" என்றாள். மாட்டேன் என்று தலையாட்டினார். அவரை வள்ளத்தில் விட்டுவிட்டு அவள் கூடுகளை எண்ணப் போனாள். முப்பத்தொன்று இருந்தது.

திரும்பி வந்தபோது அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு காலை வெளியே நீட்டியிருந்தார். கால் சேற்றில் கணுக்கால் வரை புதைந்திருந்தது. எடுக்கவில்லை.

"குளுமையா இருக்கு" என்றார்.