எழுத்தில்லாத பச்சைக்கல்

அன்று சாயங்காலம் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். வாப்பா, உம்மா, உம்மாவின் தம்பியான என் மாமா, பத்து வயதான நான், சீனத்து அக்கா. அக்காவின் வயிற்றில் இருந்த பிள்ளையையும் சேர்த்தால் ஆறு. பிறக்காத பிள்ளையை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்பாள் உம்மா, அதனால் ஐந்து என்றே வைத்துக்கொள்கிறேன். வெளியே அக்காவை அழைத்துவந்த கம்பெனிக் காரில் டிரைவர் ஒருவர் இருந்தார். அவர் உள்ளே வரவில்லை. ஆகவே நடந்த எதற்கும் அவர் பொறுப்பில்லை.

எங்களுடையது புனே சாங்வியில் எவர்சில்வர் பாத்திரக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு திரைச்சீலை. வாப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து பாத்திர மூட்டையோடு புனே வந்து சேர்ந்தவர். கடை வாப்பாவுடையது என்றாலும் ஆட்கள் தேடி வந்தது மாமாவை. மாமா பேர் வெட்டுவார். பேனாவைவிடக் கொஞ்சம் தடித்த மிஷின். சுவிட்சைப் போட்டால் வண்டு மாதிரி உறுமும். முனை துடிக்கத் துடிக்கப் பாத்திரத்தில் புள்ளி புள்ளியாக எழுத்து விழும். மராத்திக்காரர்களுக்கு மராத்தியில், பக்கத்து ஔந்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தமிழில். பள்ளிக்கூடத்தில் எனக்குத் தமிழ் கிடையாது. நான் தமிழ் எழுத்துப் படித்தது சொம்பிலும் தாம்பாளத்திலும்தான். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள் இன்று இதைத் தமிழில் எழுதுகிறேன் என்றால் அது மாமா போட்ட புள்ளிகளின் தயவு.

நான் பயந்த பிள்ளை. கேஸ் சிலிண்டர் வெடித்துவிடுமா, வாப்பாவின் ஸ்கூட்டர் பாலத்தில் சறுக்கிவிடுமா, அடுக்கி வைத்த அண்டாக்கள் உம்மாவின் தலையில் சரிந்துவிடுமா என்று ஒரு நாளைக்குப் பத்துக் கேள்வி கேட்பேன். "இந்த வயசுல இவளுக்கு எவ்ளோ சோலி பாருங்க மச்சான்," என்று வாப்பாவிடம் சொல்லிச் சொல்லி மாமா சிரிப்பார். பயம் தெளியட்டும் என்று என் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு தாயத்து கட்டியிருந்தார்கள். ஒருநாள் அதைப் பல்லால் கடித்துத் திறக்கப் பார்த்தேன். உம்மா நறுக்கென்று குட்டினாள். உள்ளே ஓதி எழுதிய தாள் இருக்கிறது, உன்னைக் காப்பது அந்த எழுத்துதான், எழுத்து போய்விட்டால் அது வெறும் தகரம் என்றாள். அந்தப் பாடத்தை நான் நன்றாகவே பிடித்துக்கொண்டேன். வேண்டாத அளவுக்கு நன்றாக.

சீனத்து அக்காவின் மாப்பிள்ளை ரஞ்சன்காவ் ஃபேக்டரி ஒன்றில் இன்ஜினீயர். விடிந்ததும் போனால் இருட்டித்தான் திரும்புவார். ஔந்த் ஃபிளாட்டில் தனியாக இருந்த அக்கா ஒருநாள் எங்கள் கடைக்கு வந்து, இட்லிக் கொப்பரையைத் திறந்து, குழித் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துவிட்டு, மிச்சம் மட்டும் போதும் என்று கைகாட்டினாள். வியாபாரம் பாதியாகப் போகிறதே என்று மாமாவுக்குக் கவலை. கடைசியில் இடியாப்பத் தட்டை எடுத்துக் காட்டினார். அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. மறுநாள் அந்தத் தட்டில் அவித்த மாவு உருண்டைகளைச் சுடச்சுடக் கொண்டுவந்தாள்.

"உள்ள என்ன வச்சிருக்குன்னு கேளு மாப்ளே," என்றார் வாப்பா மாமாவிடம்.

"கோஸும் கேரட்டும்தான் மச்சான். பயப்படாம தின்னுங்க."

"நீ சொல்லாத. அந்தப் போனைச் சொல்லச் சொல்லு."

அவள் தன் போனில் சீன மொழியில் பேசுவாள். அது ஹிந்தியில் சொல்லும். நாங்கள் ஹிந்தியில் பேசினால் அவளுக்குச் சீனத்தில் சொல்லும். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கமே இல்லாத ஒரு பெண் குரல். கோஸ் என்று அந்தக் குரல் உறுதி கொடுத்த பிறகுதான் வாப்பா வாயில் வைத்தார். அதன்பின் நாலு உருண்டை தின்றார்.

உம்மா திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சேலை முந்திக்குக் குஞ்சம் கட்டுவாள். அக்கா வாரத்தில் மூன்று நாள் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து நூல் பிரித்துக் கொடுப்பாள். நடுவில் போன் கிடக்கும். இருவரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடும். அவள் வயிறு தெரிய ஆரம்பித்த பிறகு பேச்சு இன்னும் தாழ்ந்துபோனது.

ஜனவரி கடைசியில் அவர்களுடைய வருஷப் பிறப்பு வந்தது. சீனக் குடும்பங்கள் எல்லாம் ஔந்தில் ஒரு வீட்டில் கூடுகிறோம், நான் எங்கள் பழங்காலத்து உடை உடுத்தப்போகிறேன், இதை இடுப்பில் தொங்கவிட ஒரு சிவப்புக் குஞ்சம் கட்டிக் கொடுங்கள் என்று சொல்லி, ஒரு வியாழக்கிழமை அக்கா சின்னத் துணிப்பை ஒன்றை உம்மாவிடம் கொடுத்தாள்.

உள்ளே ஒரு பச்சைக்கல். ஜேட் என்ற பெயரெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. கண்ணைக் குத்துகிற பச்சையும் இல்லை. இளநீர் வழுக்கைக்குப் பின்னால் ஒரு வெற்றிலையைப் பிடித்துப் பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படி. தீப்பெட்டியைவிடச் சிறியது, நீள்சதுரம், மேலே ஒரு துளை. எப்போதும் கழுத்தில் சட்டைக்குள்ளே போட்டிருப்பாளாம். தோலில் பட்டுக்கொண்டே இருந்தால்தான் கல்லுக்கு நிறம் கூடுமாம். மனிதர் கல்லை வளர்க்க, கல் மனிதரைப் பார்த்துக்கொள்ளுமாம். அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் இப்படிப் பல கற்களைக் கோத்து இடுப்பில் கட்டிக்கொள்வார்களாம். நடக்கும்போது கல்லோடு கல் தட்டும். நிதானமாக நடந்தால் சத்தம் இனிமையாக வரும், ஓடினால் தாறுமாறாக வரும். அதனால் கல் கட்டியவர் பதற்றப்படாமல் நடக்கவேண்டும் என்றது போன்.

"இவளுக்கு ஒரு சாக்கு நிறையக் கல்லு கட்டணும்," என்று மாமா என்னைக் காட்டினார்.

அக்கா போன பிறகு மாமா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூ இல்லை, பறவை இல்லை, எழுத்து இல்லை. இரண்டு பக்கமும் மொழுக்கென்று இருந்தது. "வேலை முடியறதுக்குள்ள வாங்கிட்டு வந்துட்டாவோ போல. பேர் வெட்டாத தட்டு மாதிரில்லா இருக்கு."

"சும்மா கிட," என்றாள் உம்மா. "அவ அம்மா குடுத்தது. பிள்ளைக்குக் காவல்னு போட்டிருக்கா. இந்தக் கல்லு இருக்கதாலதான் இந்த மட்டும் தெம்பா நடமாடுதேன்னு சொல்லுதா."

உம்மா அதைச் சொன்ன விதத்தில் கவலை இருந்தது. எனக்கு அது போதும். காவல் என்கிறார்கள், எழுத்தோ இல்லை. எழுத்து இல்லாவிட்டால் வெறும் தகரம். பாவம், இது தெரியாமல் அக்கா இத்தனை நாளாக நடமாடிக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலைப் பள்ளி முடிந்து வந்துவிட்டேன். வாப்பாவும் மாமாவும் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார்கள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உம்மா திரைக்குப் பின்னால் தொழுதுகொண்டிருந்தாள். குஞ்சம் கட்டி முடித்த கல் நூல் டப்பாவின் மேல் இருந்தது. ஓதி எழுத எனக்குத் தெரியாது. தப்பாக எழுதினால் அது வேறு பாவம். அதனால் அவள் பெயரை எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். பேர் வெட்டின பாத்திரம் எந்த வீட்டுக்குப் போனாலும் சொந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும் என்று மாமா எல்லோரிடமும் சொல்வார். அப்படியானால் பெயருக்கும் காவல் சக்தி உண்டுதானே. அக்காவின் பெயர் லின் என்று தொடங்கும். மீதி எங்கள் வாய்க்கு அகப்படாது. முதல் எழுத்து மட்டும் போதும் என்று மிஷினை எடுத்தேன்.

எவர்சில்வரில் முனை தானாக இறங்கும். கல்லில் இறங்கவில்லை, வழுக்கியது. அழுத்தினேன். நாலைந்து புள்ளி விழுந்தது. இன்னும் அழுத்தினேன். எழுத்து வளைய வேண்டிய இடத்தில் முனை துள்ளி, வெள்ளையாக ஒரு கோட்டை இழுத்துக்கொண்டு கல்லின் ஓரம் வரை ஓடிவிட்டது.

தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன். பற்பசை வைத்துத் தேய்த்தேன். கோடு இன்னும் பளிச்சென்று தெரிந்தது. கீறல் அடியில் இருக்கும்படி கல்லைக் கவிழ்த்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, கட்டிலுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஐந்து மணிக்கு அக்கா வந்தாள். குஞ்சம் எவ்வளவு உயரத்தில் தொங்கும் என்று பார்க்க அந்த உடையையே உடுத்திக்கொண்டு வந்துவிட்டாள். முழங்கைக்குக் கீழே அகன்று விரியும் கை, தரையைத் தொடும் மடிப்புப் பாவாடை, வயிற்றுக்கு மேலே ஏற்றிக் கட்டிய நாடா. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். உம்மா கல்லை நாடாவில் கோத்து விட்டாள். அக்கா அண்டாக்களுக்கும் குக்கர்களுக்கும் நடுவில், பாவாடை அலுங்காமல், ஓர் அரசி மாதிரி மெதுவாக நடந்து காட்டினாள். வாப்பா கூட கல்லாவை விட்டு எழுந்து நின்றார். திரும்பி நடந்தபோது கல்லும் திரும்பியது.

முதலில் பார்த்தது மாமா. அவர் போட்ட புள்ளி எது, போடாத புள்ளி எது என்று அவருக்குத் தெரியாதா. பிறகு உம்மா பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியாக வாப்பா.

"என்னளா இது? யார் பார்த்த வேலை?"

நான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா என்னை ஒரு தடவை பார்த்தார்.

"நான்தான் மச்சான். சும்மா மிஷினை ஓட்டிப் பார்த்தேன், கை தவறிட்டு."

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? அடுத்தவங்க பொருள்லயா ஓட்டிப் பார்ப்ப?" வாப்பா மாமாவை அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கையை வேறு ஓங்கிவிட்டார்.

"மாமா இல்ல, நான்தான்," என்று அலறினேன்.

எங்கள் பேச்சு புரியாத அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அப்புறம் குனிந்து கல்லைப் பார்த்தாள். கட்டைவிரலால் கீறலைத் தடவினாள். ஒரு தடவை, இன்னொரு தடவை. பிறகு போனை எடுத்து என் முன்னால் நீட்டினாள். எழுத்து இல்லாவிட்டால் அது காவல் காக்காது, பாப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும், அதனால்தான் எழுதினேன் என்று ஹிந்தியில் அழுதுகொண்டே சொன்னேன். போன் அதை அழாமல் சீனத்தில் சொன்னது.

அக்கா போனைத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு பேசினாள், போன் சொன்னது: இது வேலை முடியாத கல் இல்லை. வேண்டுமென்றுதான் ஒன்றும் செதுக்காமல் விடுவார்கள். கல்லில் ஒன்றும் இல்லாததுபோல, போட்டிருப்பவருக்கும் ஒன்றும் நேராமல் இருக்கட்டும் என்று அர்த்தம்.

ஒன்றும் இல்லாத கல்லில் நான் ஒன்றைப் போட்டுவிட்டேன். தேய்த்து வழவழப்பாக்கித் தருகிறேன் என்றார் மாமா. வாப்பா கல்லாவைத் திறந்து, என்ன விலை என்றாலும் சொல்லுங்கள் என்றார். அக்கா இரண்டுக்கும் தலையை ஆட்டி மறுத்தாள். கல்லா டிராயரை அவளே மெல்லத் தள்ளி மூடினாள். என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, மறுபடி போனில் பேசினாள். எங்கள் ஊரில் இந்தக் கல் உடைந்தாலோ கீறினாலோ அழ மாட்டார்கள். போட்டிருப்பவருக்கு வர இருந்ததைக் கல் தன் மேல் வாங்கிக்கொண்டது என்பார்கள். வர வேண்டியது வந்துவிட்டது. இனி ஒன்றும் வராது. எல்லாம் முடிந்தது.

நான் அதை நம்பினேன், நம்பவும் இல்லை. மார்ச் மாதம் அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அதன்பின் மாமாவின் போன் அடிக்கும்போதெல்லாம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். மழைக்காலத்தில் ஒருநாள் படம் வந்தது, கொழுகொழுவென்று ஒரு பெண் குழந்தை. அதன் விரல் பத்தும் சரியாக இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி எண்ணிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

போன வருஷம் நான் நாலு மாதக் கர்ப்பமாக இருந்தேன். எதற்கெடுத்தாலும் பயந்து செத்துக்கொண்டிருந்த என்னிடம் உம்மா அப்போதுதான் சொன்னாள். சீனத்து அக்காவுக்கு அதற்கு முன்னால் இரண்டு கரு தங்கவில்லையாம். இரண்டாவதும் போன பிறகுதான் அவள் அம்மா அந்தக் கல்லைக் கழுத்தில் போட்டு அனுப்பினாளாம்.

அந்தச் சாயங்காலம் போன் பேசி முடித்த பிறகும் அக்கா என் கையை விடவில்லை. வெளியே டிரைவர் இரண்டு தடவை ஹார்ன் அடித்தார், விடவில்லை. உம்மா கொண்டுவந்த டீயை இடது கையால் வாங்கிக் குடித்தாள். என்னைத் தேற்றுவதற்காகத்தான் அப்படிப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன். விரல் வலித்தது, சொல்லப் பயந்தேன். அவள் உள்ளங்கை நனைந்து சொதசொதவென்று இருந்தது. உம்மா ஸ்வெட்டர் போட்டிருந்த ஜனவரிக் குளிர் அது. பனி கொட்டும் ஊர்க்காரி, நம்முடைய குளிர் அவளுக்கு வெயிலாகத்தான் இருக்கும், அதுதான் இப்படி வேர்க்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அவள் கார் ஏறியதும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.