அம்மா பெட்டியிடம் சொன்னது

இலங்கையில் கலஹாவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் படம் பிடிக்கிற வெள்ளைக்காரர் ஒருவர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. எனக்கு அப்போது ஏழு வயது. எங்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி வாசல் வாசலாக வந்து, "ஊர்ப் பக்கமெல்லாம் வெள்ளைத் துணி கட்டி இந்தப் படத்தக் காட்டுவாங்க. ஒங்க சொந்தக்காரவுக எல்லாம் பாப்பாக. நல்லதா உடுத்திக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், கப்பலேறி வந்த நாளிலிருந்து மூடியே கிடந்த தகரப் பெட்டிகள் எல்லாம் திறந்துகொண்டன. கலியாணச் சேலை கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போன கூட்டத்தை என் ஆயுசில் அன்றைக்கு மட்டும்தான் பார்த்தேன்.

எல்லாரையும்விட அம்மாதான் அதிகம் தவித்தாள். கடலுக்கு அந்தப் பக்கம் அவளுக்கு ஒரே தம்பி. தாயில்லாத அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், தன் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். மாமா அங்கே பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். "அவனாச்சும் அட்டைக்கு ரத்தம் குடுக்காம, நெழல்ல ஒக்காந்து எழுதிப் பொழைக்கணும்" என்று மழையில் நனைந்து வரும்போதெல்லாம் சொல்வாள்.

மலைச்சரிவில் முக்காலி மேல் ஒரு கறுப்புப் பெட்டி நின்றது. வெள்ளைக்காரர் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற அது கடகடவென்று சத்தம் போட்டது. பெட்டியை எந்தப் பக்கம் திருப்பினாலும் கங்காணியின் தலைப்பாகைதான் முதலில் வந்து நின்றது. "சிரிங்க, சிரிங்க!" என்று எங்களை வேறு அதட்டினார். சிரிக்கச் சொல்லி அவர் அதட்டியது அன்றைக்கு மட்டும்தான்.

அம்மாவின் முறை வந்தது. அவள் கூடையைச் சரிசெய்துகொண்டு பெட்டியை நேராகப் பார்த்தாள். கங்காணி சொன்னபடியே வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு உரக்கப் பேசினாள்.

"தம்பி, நல்லாப் படி சாமி. அக்கா நல்லாத்தான் இருக்கேன். நீ மட்டும் இங்கிட்டு வந்துராத. யாரு கூப்புட்டாலும் வந்துராத."

அந்தக் காலத்துப் பெட்டி முகத்தை மட்டும்தான் கொண்டுபோகும், குரலைக் கொண்டுபோகாது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வெள்ளைக்காரருக்கோ தமிழ் தெரியாது. அம்மாவின் சிரிப்பைப் பார்த்துத் தலையாட்டி மெச்சிக்கொண்டார். அம்மா ஓடிவந்து என்னை அள்ளித் தூக்கி, "சொல்லிப்புட்டேன்டி!" என்றாள். அன்று எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் தீபாவளிதான்.

அடுத்த பொங்கல் கழிந்ததும் ஊரிலிருந்து புது ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்களில் மீசை அரும்பிய ஒருவர் எங்கள் வாசலுக்கு வந்து, "அக்கா!" என்று கூப்பிட்டார்.

"சந்தையில படம் காட்டுனாங்கக்கா. நீ நல்ல சேலையில அப்புடிச் சிரிச்சுக்கிட்டு நின்ன. அங்கனயே தோட்டத்துக்கு ஆள் சேக்குறவர்கிட்ட பேரு குடுத்துட்டேன்."

அம்மா அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்து அடித்து அழுதாள். எனக்கோ மாமா வந்த குஷி தாங்கவில்லை. மலையே கேட்கும்படி அம்மா வராதே என்று சொல்லியும் வந்து நிற்கிறாரே, என்னைவிடச் சொல்பேச்சுக் கேளாத ஆள் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று லயம் முழுக்க ஓடி ஓடிச் சொன்னேன்.