அண்ணன் பாடிய கீழ்க்குரல்

அண்ணனுக்குத் தொண்டை உடைந்த வருஷம்தான் எனக்குப் பாட்டு வந்து சேர்ந்தது.

அதுவரை, உத்தமபாளையத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் சின்னச் சபையில் அவன்தான் பாடகன். அறுப்பின் பண்டிகைக்கு அவன் தனியாக நின்று பாடினால், வாழைத்தாரும் நெல்லுமாக வந்திருக்கும் சனம் இருமக்கூட யோசிக்கும். அந்த வருஷம் ஒத்திகையில் மேலே ஏறிய குரல் பாதியில் பிளந்து, கன்றுக்குட்டியின் சத்தம் வெளியே வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். காலால் மிதிக்கும் ஆர்மோனியத்தை இரண்டு கையாலும் வாசித்துக்கொண்டிருந்த போதகரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவன் பாட்டைத் தங்கச்சியான எனக்குக் கொடுத்துவிட்டு, அவனை அடியில் ‘பேஸ்’ என்ற கீழ்க்குரல் பாடச் சொன்னார். அய்யாவின் காதில் அது ‘பாஸ்’ என்று விழுந்தது. மகன் எதிலோ தேறிவிட்டான் என்று சில நாள் சந்தோஷமாக இருந்தார்.

அண்ணனுக்குச் சந்தோஷம் இல்லை. கிடைத்த நாலைந்து சுரங்களுக்குள் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கமலை மாடு மாதிரி போவதும் வருவதுமாக இருந்தான். எங்கள் வெற்றிலைக் கொடிக்காலில்தான் பாடிப் பழகினோம். நான் ஆரம்பித்ததும் என் குரல் வழுக்கி அவன் குரலில் போய் விழும். வேண்டுமென்றே கெடுக்கிறான் என்று அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மா அவனைத் திட்டினாள். மறுநாள் அவன் வாயை மூடிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

நிம்மதியாகப் பாடத் தொடங்கினேன். ஒரு சுரமும் தப்பவில்லை. ஆனாலும் பாட்டு வெளிறிப்போயிருந்தது. எங்கே போகிறோம், எங்கே வந்து நிற்கிறோம் என்றே தெரியவில்லை.

“அண்ணே, நீயும் பாடு” என்றேன்.

அவன் நம்பாமல் பார்த்தான். பிறகு எழுந்து வந்தான். “ஒரு சுரத்தப் பிடிச்சுக்க. நான் எங்கன போனாலும் நீ அசையக் கூடாது.”

பிடித்தேன். அவன் அடியில் வந்து நின்றதும் என் குரல் பண்டிகைக் காலை மாதிரி இருந்தது. அவன் கொஞ்சம் இறங்கினான். நான் அசையவே இல்லை. ஆனால் அதே சுரத்தில், வேண்டியவர் யாரோ ஊரை விட்டுப் போகிற துக்கம் வந்துவிட்டது. இன்னும் இறங்கினான், மறுபடி வெளிச்சம்.

“என் பாட்ட என்னண்ணே செஞ்ச?”

“ஒண்ணும் செய்யல. நான் கீழ நடந்தேன், அம்புட்டுத்தான்” என்றான். குரல் உடைந்த பிறகு அன்றைக்குத்தான் அவன் சிரித்துப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அதுவே எங்களுக்கு விளையாட்டானது. அவன் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வந்து நின்றால், அடுத்த அடி வீட்டுக்குத்தான், பாட்டு வந்து அடங்குகிற சுரத்துக்குத்தான் என்று எனக்கு முன்கூட்டியே தெரிய ஆரம்பித்தது. ஆர்மோனியத்தில் இடது கை என்று ஒன்று இருப்பதையே அப்போதுதான் கேட்டேன். இத்தனை வயதிலும் எந்தப் பாட்டிலும் என் காது முதலில் அடிக்குரலைத்தான் தேடிப்போகிறது. அந்தக் காது அவன் கொடுத்தது.

பண்டிகையன்று மூன்றாவது சரணத்துக்கு முன் கூட்டத்தைப் பார்த்துவிட்டேன். சொல்லும் மெட்டும் ஒன்றாக மறந்து போயின. ஆர்மோனியம் தயங்கி நின்றது. கோயிலுக்குள் அண்ணன் குரல் மட்டும் அடியில் நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்குத் திரும்புவதற்கு முன் நிற்கிற அதே இடம். மூச்சு முடிந்தது; இழுத்துக்கொண்டு மறுபடி அங்கேயே நின்றான். எங்கே கால் வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பாடினேன்.

முடிந்ததும் பெண்கள் எல்லாரும் எனக்குத் திருஷ்டி கழித்தார்கள். போதகர் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். வீடு வருவதற்குள் அதில் பாதிக்கு மேல் தின்றது அண்ணன்தான். அவனுக்கு அடுத்த சுரம் மறந்துபோய்த்தான் அங்கேயே நின்றான் என்று நினைத்துக்கொண்டு, நான் அதைப் பெரிதுபடுத்தாமல் விட்டேன்.

அந்தப் பாட்டு முழுவதும் அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவன் தொண்டையும் அதற்குள் அந்த மெட்டைப் பாடும் அளவுக்குத் தேறியிருந்தது. அந்த இடைவெளியில் அவன் மேலே ஏறிப் பாடியிருந்தால் ஊரே அவன் பக்கம் திரும்பியிருக்கும். தங்கச்சியைக் காப்பாற்றினான் என்றும் பேசியிருப்பார்கள். அவன் கீழேயே நின்றான். மேலே இருந்த இடம் என்னுடையது என்று அவன் விட்டுவைத்திருந்தது, அப்போது எனக்குத் தெரியாது.